தோளும் தழும்பும்

தோள் என்னும் சொல் இன்றைய பேச்சு வழக்கிற் குறிப்பதைக் காட்டிலும் பழந்தமிழிற் பரந்த பொருளுடையதாய் இருந்தது. கழுத்தின் இருமருங்கும் உள்ள மூட்டினை மாத்திரமன்றி, அதனின்று முழங்கை வரை இறங்கும் புயத்தையும் அது தன்னுள் அடக்கியது. சங்கப் புலவர் பெண்களின் தோளுக்கு மூங்கிலை உவமை கூறியபோது அவர்கள் மனத்திற் கொண்டது இப்புயத்தையே. இரு கணுக்களுக்கு இடைப்பட்ட மூங்கிலின் திரட்சியும் வழவழப்பும் அழகென மதிக்கப்பட்டன. அவ்வழகு குன்றுவதும் பாடுபொருளாயிற்று. திருக்குறளின் 124ஆம் அதிகாரம் உறுப்புநலன் அழிதல் எனப் பெயர் பெறுவது. தலைவனைப் பிரிந்தவளின் துயரை அவள் வாய் சொல்லுமுன்னரே அங்கு கண்ணும் நெற்றியும் தோளும் சொல்லிவிடுகின்றன. தோள் மெலிகின்றது, வளை கழல்கின்றது, கண்டவர் தலைவனைக் கொடியவன் என்கின்றனர். புறநானூற்றின் 278ஆம் பாடலிலே, மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டுச் சினந்து களத்துக்குச் செல்லும் முதியவள் ஒருத்தியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் அறிமுகப்படுத்துகிறார். அவர் முதலிற் காட்டுவது அவளுடைய முகத்தையன்று. நாளங்கள் புடைத்துச் சதை வற்றிப்போன தோள்களையே.

ஆகவே பெண்ணின் தோள் என்பது தமிழர் நடுவே நெடுங்காலமாகப் பிறர் வாசிக்கும் ஏடாக இருந்து வந்துள்ளது. வாசிப்பவர் ஊரார். என்ன வாசிக்கப்படுகின்றது என்பதில் அத்தோளுக்குரியவளுக்கு அதிகம் சொல்லிடமில்லை. இவ்வழக்கம் பழம்பாடல்களோடு நின்றுவிடவில்லை என்பதை வெள்ளவத்தையில் வாழும் ஆசிரியை ஒருவர் தமது 56ஆவது வயதில் அறிந்துகொண்டார்.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாந் தளத்தில் அவர் வீடு உள்ளது. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் ரொறன்ரோவில். கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலே கணிதம் கற்பித்து வந்த அவருக்கு 53 வயதில் நிறை 96 கிலோ. நீரிழிவு அதற்குப் பத்தாண்டு முன்னரே வந்துவிட்டது. விழித்திரையில் அதன் முதற் குறிகள் தென்பட்ட அன்று வைத்தியர் கண்டிப்பாகப் பேசினார். அன்றிரவே சோறு நின்றது. இடியப்பம் எட்டிலிருந்து மூன்றாயிற்று. விடியுமுன் எழுந்து, தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவில் தெகிவளைப் பக்கமாக நடந்து திரும்பும் வழக்கம் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் 34 கிலோ குறைந்தது, குருதியில் வெல்லத்தின் அளவு கட்டுக்குள் வந்தது, கண் தப்பியது. இவ்வளவையும் ஒருவர் சத்திரசிகிச்சை எதுவுமின்றித் தம் மனவுறுதியாற் செய்து முடிப்பது அரிது. வெற்றி என்னும் சொல்லை இதற்கு வழங்கலாம்.

ஆனால் ஊர் அதனை வெற்றியென வாசிக்கவில்லை. ஆவணி மாதத்திற் புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்து குவியும் வேளையில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் நாளுக்கொரு கலியாணம் நடப்பது வழக்கம். அவ்வாறான கலியாணமொன்றிலே அவரைக் கண்ட முதிய உறவினர் ஒருவர், "என்ன பிள்ளை, வருத்தம் ஏதுமே? ஏன் இப்பிடிக் காய்ஞ்சு போனாய்?" என்று கையைப் பிடித்துக் கேட்டார். மற்றொருவர் மகள் காசு அனுப்புவதில்லையோ என ஐயுற்றார். புற்றுநோய் என்று மறைவிற் பேசியவர்களும் உளர். பொலிவு என்றால் பருமன், மெலிவு என்றால் நோய் அல்லது துயர் என்னும் பழைய அகராதியே இன்னும் அவர்கள் கையில் இருந்தது. அந்த அகராதிக்குச் சான்றாக அவர்கள் கண்டது ஆசிரியையின் மேற்கையையே. நிறை குறைந்த உடலில் முகமும் இடையும் ஓரளவு தம்மைத் திருத்திக்கொண்டன. புயங்கள் திருத்திக்கொள்ளவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை, உள்ளே கொழுப்பு வடிந்துவிட்ட வெறுந்தோல், கையை உயர்த்தும்போதெல்லாம் சேலைக் கொசுவம்போல் மடிந்து தொங்கிற்று.

இதற்குக் காரணம் சோம்பலோ பயிற்சிக் குறைவோ அன்று. தோலின் உட்படையில் இருவகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் என்பது தோலுக்கு வலிமை தருவது. எலாஸ்டின் என்பது இழுத்து விட்டால் மீளும் தன்மையைத் தருவது. எலாஸ்டின் பெரும்பாலும் வளரும் பருவத்திலேயே உருவாகிவிடுகின்றது. பின்னர் அது சிதைந்தால் உடல் அதனைப் பழையபடி நெய்துகொள்வதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் விரிந்து நின்ற தோலில் இந்நார்கள் அறுந்துபோகின்றன. நாடா இற்றுப்போன பாவாடையை எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் அது நில்லாதது போன்றதே இதுவும். புயத்தின் பின்புறத் தசையைப் பயிற்சியினாற் பருக்கச் செய்யலாம். ஆயின் தோலின் பரப்பு தசைக்கு உரியதன்று. பூச்சு மருந்துகளும் எண்ணெய்களும் இவ்விடத்திற் செய்யக்கூடியது மிகச் சிறிது. காலி வீதியின் அழகுநிலையங்களில் அவை விலைபோகும் வேகத்தை நோக்குமிடத்து, இவ்வுண்மை போதிய அளவு பரவவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

ஆசிரியைக்கு இத்தோல் இரு வகையில் இடர் தந்தது. ஒன்று உடல் சார்ந்தது. கொழும்பின் வெக்கையில் அக்குளுக்குக் கீழே மடிப்பில் வியர்வை தேங்கித் தோல் அழன்றது, நடக்கும்போது உராய்ந்தது. மற்றையது கரும்பலகை சார்ந்தது. கணித ஆசிரியைக்குக் கையை உயர்த்தாமல் வேலையில்லை. வகுப்புக்கு முதுகு காட்டி, பலகையின் மேல்விளிம்பிலே சமன்பாடொன்றை எழுதத் தொடங்கிய ஒருநாள், பின்வாங்கிலிருந்து "கொடி ஆடுது" என்றொரு குரல் எழுந்தது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அவர் திரும்பி யாரையும் ஏசவில்லை. மறுநாளிலிருந்து பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். நிறுவல்கள் பாதியில் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட்டன. மாணவர் சிலர் குறிப்பெடுக்க முடியாமல் இடர்ப்பட்டனர். தாம் எதைச் செய்கிறோம் என்பதை அவர் உணரப் பல வாரங்கள் சென்றன.

தையற்காரர் அதற்கு முன்னரே உணர்ந்துவிட்டார். வெள்ளவத்தைச் சந்தைக்கு அண்மையில் நெடுங்காலமாக அவருக்குச் சட்டை தைத்து வருபவர் அவர். இடுப்பும் மார்பும் எட்டு அங்குலத்துக்கு மேற் குறைந்தும், கைச்சுற்றளவு ஏறத்தாழ அப்படியே நின்றதை அவருடைய அளவுக் கொப்பி காட்டிற்று. "கையை எவ்வளவு இறக்கம் வைக்கிறது ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார். முழங்கை வரை என்ற பதில் அடுத்தமுறை முழங்கைக்குக் கீழே என்றாயிற்று.

கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியா பேராலயத்துக்கு அப்பால், ஜம்பட்டா வீதியை அண்டிய பழைய மாடிவீடொன்றில் ஆசிரியையின் தமக்கையார் வாழ்கிறார். நான்கு வயது மூத்தவர். பாடசாலை விட்டதும் தங்கை அங்கு சென்று தேநீர் அருந்திவிட்டு வெள்ளவத்தைக்குப் பேருந்து ஏறுவது பல்லாண்டு வழக்கம். தமக்கையாரும் கைநீளச் சட்டையே அணிபவர். அதற்குக் காரணம் வேறு.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. எரிபொருளுக்குத் தடை. வீடுகளிற் குப்பி விளக்கே கதி. பழைய போத்தல்களின் மூடியைத் துளைத்துத் திரி செருகி, கிடைத்தற்கரிய மண்ணெண்ணெயைச் சிறிதளவு ஊற்றி எரிப்பர். இலேசான போத்தல், குறுகிய அடி, இறுகாத மூடி. தட்டுப்பட்டாற் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தித் தீ பரவும். 1991இல் ஓரிரவு, நைலோன் சோட்டி அணிந்திருந்த தமக்கையார் மீது அவ்வாறு ஒரு விளக்குக் கவிழ்ந்தது. 29 வயது. வலது புயமும் அக்குளும் விலாவின் ஒரு பகுதியும் வெந்தன. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினர். இரண்டு மாதங்கள் வைத்தியசாலையில் தங்கி, புண்ணில் ஒட்டிய துணியை உப்புநீர் விட்டு நனைத்து உரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் தங்கையே. உயிர் தப்பியது. ஆயினும் அக்குளில் உண்டான தழும்பு ஆறுகையிற் சுருங்கிற்று. அன்று தொட்டு அந்தக் கை தோள்மட்டத்துக்கு மேல் உயர்வதில்லை. தலைவாருவது இடக்கையால். கோயிலிற் கைகூப்பித் தலைமேல் வைப்பதும் அவருக்கு இயலாது.

இவ்வாறான தீக்காயங்கள் இலங்கையில் அரியவையல்ல. அவற்றைத் தொடர்ந்து கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, வெந்த பின் வெட்டி ஒட்டுவதிலும் வேகாமற் காப்பது மேல் எனக் கருதி, 1992இல் பாதுகாப்பான விளக்கொன்றைப் பரப்பும் முயற்சியைத் தொடங்கினார். குட்டையான, கனமான கண்ணாடிக் குப்பி. உருளாதிருக்க இரு தட்டைப் பக்கங்கள். திருகி இறுக்கும் உலோக மூடி. மார்மைட் போத்தலின் வடிவமே அதற்குத் தூண்டுதல் என்பர். சுதீபா, அதாவது நல்விளக்கு, என்று பெயரிட்டார். 1998இல் ரோலெக்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் தலைசிறந்த ஆக்கம் கத்தியால் ஆகாமல் குப்பியால் ஆனது வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்து அந்த வீட்டுக்கு அது ஓராண்டு பிந்திவிட்டது.

தங்கை தம் புயத்துத் தோலை வெட்டி நீக்கும் சிகிச்சையைப் பற்றி முதலிற் சொன்னது இந்தத் தமக்கையாரிடமே. மகள் ரொறன்ரோவிலிருந்து பணம் அனுப்புவதாகக் கூறியிருந்தாள். தமக்கையார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "நல்ல தோலை வெட்டி ஆரும் தழும்பு வேண்டுவினமே?" என்றார். அதற்கு மேல் அன்று பேச்சில்லை.

இக்கேள்வியை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. இச்சிகிச்சையின் சாரமே அதில் அடங்கியுள்ளது. மடிப்பைக் கொடுத்துத் தழும்பை வாங்குவதுதான் இங்கு நடைபெறுவது. எவ்வளவு திறமையான கைக்கும் இதில் வேறு வழியில்லை.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்னும் தொடரிலுள்ள முதற்சொல்லுக்கும் கடைகளில் விற்கும் வாளிக்கும் தொடர்பில்லை. வனைதல், உருவாக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. இத்துறையின் தொடக்கம் அழகுபடுத்துவதில் இல்லை. இழந்ததை மீட்பதிலேயே உள்ளது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோல் கொண்டு அமைக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதை விரிக்கின்றது. நெற்றித் தோல்கொண்டு மூக்கமைக்கும் முறை பூனாவில் வழக்கில் இருந்ததை 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்று படத்துடன் வெளியிட, ஐரோப்பிய வைத்தியர் அதனைக் கற்றனர். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே, 1597இல், இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துத் தாலியாகொட்சி வேறொரு முறையை நூலாக எழுதியிருந்தார். அவர் மூக்குக்குத் தோல் எடுத்தது மேற்கையின் உட்புறத்திலிருந்து. கையைத் தலையோடு சேர்த்துக் கட்டி, புயத்தின் தோல் மூக்கிலே பற்றிக்கொள்ளும் வரை வாரக்கணக்கில் நோயாளியை அந்நிலையிலேயே இருத்தினார். இன்று வேண்டாமென வெட்டி எறியப்படும் அதே தோல், அதன் மென்மைக்காகவும் இளக்கத்துக்காகவும் ஒரு காலத்தில் முகத்துக்கு ஏற்றப்பட்டது.

புயத்தின் தொங்குதோலை நீக்கும் முறை மிகவும் பிந்தியது. சிக்காகோவின் மக்ஸ் தோரெக் என்பவர் 1930இல் இதனை எழுதினார். அவர் பேர்பெற்ற புகைப்படக் கலைஞருமாவார்; உருவத்தின் கோடுகளைக் கண்ணால் அளந்து பழகியவர் இத்துறைக்கு வந்ததில் வியப்பில்லை. 1954இல் ஆர்ஜென்டீனாவின் கொர்ரேயா இத்துர்ராஸ்பே, பெர்னாண்டஸ் ஆகியோர் அழகு கருதிய சிகிச்சையாக இதனை வகுத்தனர். ஆயினும் இது பரவியது, இரைப்பையைச் சுருக்கி நிறை குறைக்கும் சத்திரசிகிச்சைகள் பெருகிய பின்னரே. நிறை இழந்தோர் பல்லாயிரவராக, மிஞ்சிய தோலும் வைத்தியத்தின் பொருளாயிற்று.

ஆசிரியை கண்ட நிபுணர் கொழும்பில் அரசாங்கப் பணியும் தனியார் பணியும் ஆற்றும் ஒருவர். காலையிலே தீக்காயமுற்றோருக்குத் தோலொட்டுபவர், மாலையிலே இவ்வாறானவரைப் பார்க்கிறார். முதற் சந்திப்பில் அவர் புயத்தைப் பார்க்குமுன் இடத்தோளில் இருந்த அம்மைப்பால் குத்திய வடுவைப் பார்த்தார். அரை நூற்றாண்டுக்கு முந்திய அந்தச் சிறு வட்டம் தட்டையாகவும் வெளிறியும் இருந்தது. கறுத்த தோலிற் காயங்கள் சிலவேளைகளில் தம் எல்லையை மீறித் தடித்து வளர்கின்றன. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த கீலொயிட் என்னும் பெயர் அதற்குண்டு. தோளும் மார்பும் காதுமடலும் அது விரும்பும் இடங்கள். வெளிநாட்டுப் படங்களிற் காணும் வெள்ளைத் தோலின் மெல்லிய கோட்டை எதிர்பார்த்து வருவோருக்கு இச்செய்தியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இவர் சொன்னார். பழைய வடு நல்லதாக இருப்பது நம்பிக்கை தருமேயன்றி உறுதி தராது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஏனையவற்றையும் மறைக்கவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை, புயத்தின் உட்புறம் நெடுகக் கீறவேண்டும். கீற்று அக்குளை நேர்கோடாகக் கடந்தால் ஆறும்போது சுருங்கிக் கையைக் கட்டிவிடும். ஆகவே அவ்விடத்திற் கோட்டை முறித்து வளைக்க வேண்டும். முன்கையின் உட்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்பொன்று முழங்கைக்கு மேலே தோலுக்கு அண்மையில் ஓடுகின்றது. அது காயப்பட்டால் விறைப்பு எஞ்சும். திரவம் தேங்கலாம், தையல் பிரியலாம், அரிதாகக் கை வீங்கலாம். நீரிழிவு உள்ளவருக்குப் புண் ஆறுவது பிந்தும். ஆதலால் குருதிவெல்லம் சீராகவும், நிறை ஆறு மாதமாவது ஏற்ற இறக்கமின்றியும் இருத்தல் வேண்டும். அதன் பின்னர் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: ஏன் இதனைச் செய்ய விரும்புகிறீர்கள்?

அழற்சி என்றார் ஆசிரியை. அது பொய்யன்று. ஆனால் அழற்சிக்குப் பூச்சு மருந்து உண்டு. உறவினருக்குச் சொல்வதற்கென அவர் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த விடை அது. ஐம்பது கடந்த பெண், கைம்பெண், தன் உடலுக்காகப் பணம் செலவிட விரும்பினால், நோயின் பெயரைச் சொல்லி உத்தரவு பெறவேண்டியுள்ளது. தலைக்குச் சாயம் பூசும் ஆண்மகனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. குழந்தைக்குக் காதுகுத்தும்போது அக்குழந்தையின் விருப்பத்தை வினவுவாரில்லை. செட்டியார் தெருவில் வங்கி வாங்கிப் புயத்தை அலங்கரிப்பதற்கு வாழ்த்துக் கிடைக்கும், அப்புயத்தைச் சீர்செய்வதற்கு "ஆருக்குக் காட்ட?" என்னும் வினா கிடைக்கும். அழகு விருப்பத்தை இழிவென எண்ணும் இவ்வொழுக்கம், அழகின்மையைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் வாய் மூடிக்கொள்வதில்லை.

நிபுணர் காத்திருந்தார். சற்றுப் பொறுத்து ஆசிரியை கூறினார்: "பிள்ளையள் என்ர எழுத்தைப் பாக்கோணும், டொக்டர். கையைப் பாக்கக்கூடாது."

சிரித்த மாணவரைத் திருத்துவதே முறை, தம் கையைத் திருத்துவதன்று எனக் கூறுவோர் இருப்பர். அறத்தின்படி அது சரியே. ஆனால் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்த ஒருவர், ஊரின் கண்ணைத் திருத்தி முடிக்கும் வரை பலகையின் கீழ்ப்பாதியில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என விதிக்க எவருக்கு உரிமையுண்டு? இது அவருடைய கணக்கு. ஒருபுறம் மடிப்பு, மறுபுறம் தழும்பு. இரண்டிலும் பெறுமதியை இடவேண்டியவர் அவரே. அவர் இரண்டு மாதம் எடுத்து இட்டார்.

பாடசாலை விடுமுறையின் முதல் வாரத்திற் சிகிச்சை நடந்தது. நிற்கவைத்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி முழங்கையை மடிக்கச் செய்து, எழுதுகோலாற் கோடுகள் வரைந்தனர். கிடத்திய பின் தோல் வேறுவிதமாக விழும் என்பதால் அளவு நிற்கும்போதே எடுக்கப்படுகின்றது. கணித ஆசிரியைக்கு இது பிடித்திருந்தது. முழுவதையும் ஒரே தடவையில் வெட்டி எடுப்பதில்லை. சிறிது வெட்டி, உடனே தைத்து, மீண்டும் சிறிது வெட்டுவர். நேரம் செல்லச் செல்லக் கை வீங்கும். கூடுதலாக வெட்டிவிட்டால் ஓரங்கள் சேரா. வேண்டியதை விட ஒரு விரற்கடை குறைத்து எடுப்பவரே நல்ல நிபுணர். மூன்று மணி நேரத்துக்கு மேல் சென்றது.

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலை, தமக்கையார் ஒரு பையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேர்ந்தார். யாரும் அழைக்கவில்லை. கைகளைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். சில நாட்களுக்குத் தலைவாரவும் சேலை உடுக்கவும் இயலாது. பதினெட்டு நாள் தங்கினார். இடக்கையால் தங்கையின் தலையை வாரினார். காயத்தைக் கட்டும் துணியை மாற்றும்போது முப்பது ஆண்டுக்கு முந்திய அனுபவம் அவர் விரல்களில் இருந்தது. எங்கே ஒட்டும், எவ்வாறு நனைத்தால் நோகாது என்பது அவருக்குத் தெரியும். சிகிச்சையைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. மாற்றிக்கொள்ளவும் இல்லை. "சும்மா இருந்த தோல்" என்று ஒருமுறை முணுமுணுத்தார்.

இறுக்கமான கையுறைச் சட்டையை ஆறு வாரம் அணிந்திருக்க வேண்டியதாயிற்று. கொழும்பு வெயிலில் அது சிறு தண்டனை. தழும்புகள் முதல் மூன்று மாதங்களிற் சிவந்து கருகித் தடித்தன. அக்காலத்தில் அவரைக் கண்டிருந்தால், கொடுத்தது சிறிது, வாங்கியது பெரிது என்றே எவரும் தீர்ப்பளித்திருப்பர். ஓராண்டு கடந்தபோது வலப்புறத்துக் கோடு வெளிறித் தட்டையாயிற்று. இடப்புறத்தில் முழங்கைக்கு அண்மையில் இரண்டங்குல நீளம் தடித்தே நின்றது. அதற்குள் மருந்து ஊசி ஏற்றப்பட்டது. இடது முன்கையில் உள்ளங்கையளவு இடம் இன்னும் விறைத்துள்ளது. கொதிக்கும் தேநீர்க் கோப்பை அங்கு பட்டால் உடனே தெரிவதில்லை என்பதால் அவர் கவனமாக இருக்கிறார்.

தையற்காரரின் கொப்பியில் கைச்சுற்றளவு நான்கு அங்குலம் குறைந்தது. சட்டையின் கை முழங்கை வரையே இருக்கட்டும் என்றார் ஆசிரியை. கைநீளத்தைக் குறைக்கலாமே என்று மகள் தொலைபேசியிற் குறைப்பட்டாள். தழும்பைக் காட்டவும் அவருக்கு விருப்பமில்லை, மறைத்துவிட்டோம் என்ற எண்ணமும் இல்லை. அது பழகிய அளவு. கரும்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அவர் எழுதத் தொடங்கியதை வகுப்பில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இறுதிப் பரிசோதனைக்குத் தமக்கையாரும் துணைக்குச் சென்றிருந்தார். எழும்பும் வேளையில் நிபுணர் அவருடைய வலக்கையைப் பார்த்துவிட்டு, உயர்த்தச் சொன்னார். அது தோள்மட்டத்தில் நின்றது. அக்குளின் தழும்பை முறித்து விடுவிக்கலாம். எத்தனை ஆண்டு சென்றாலும் செய்யலாம். தேசிய வைத்தியசாலையிற் பணமின்றியே செய்யலாம் என்றார் அவர். தமக்கையார் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். கிளினிக் நாளைக் கடதாசித் துண்டொன்றில் எழுதி வாங்கியவர் தங்கை. அத்துண்டு கொட்டாஞ்சேனை வீட்டில் நாட்காட்டியின் ஆணியிற் குத்தப்பட்டுள்ளது. அந்த நாள் ஒருமுறை கடந்துவிட்டது. வேறொரு நாள் எழுதப்பட்டிருக்கிறது. பாடசாலை விட்டுத் தேநீருக்கு வரும் தங்கை அதைப் பார்ப்பார். தமக்கையார், "பாப்பம்" என்பார்.